கோட்டை வாசலில் எழுதிய மனு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஒரு மே மாதம். இலங்கையின் கிழக்குக் கரையில், மட்டக்களப்புக் கோட்டை வாசலில் இது நடந்தது. அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. புதுக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டராக இருந்தேன்.

கோடை விடுமுறை விட்டால் மற்ற வாத்தியார்கள் மாமனார் வீட்டுக்கோ குற்றாலத்துக்கோ கிளம்புவார்கள். நான் கோட்டை பார்க்கக் கிளம்புவேன். திருமயம், செஞ்சி, வேலூர், தரங்கம்பாடி என்று ஒவ்வொரு வருஷமும் ஒன்று. "கோட்டைப் பைத்தியம்" என்று எனக்குப் பள்ளிக்கூடத்தில் பெயர். ஏன் கோட்டை என்று யாராவது கேட்டால் சித்திரம் வரையத்தான் என்று சொல்வேன். உண்மை வேறு. என் மனைவி இறந்து அப்போது மூன்று வருஷம். குழந்தை கிடையாது. கோவிலுக்குப் போனால் குருக்கள் "வீட்டிலே வரலையா?" என்று கேட்பார். கல்யாணத்துக்குப் போனால் பந்தியில் பக்கத்து இலைக்காரர் கேட்பார். கோட்டையில் யாரும் எதுவும் கேட்பதில்லை. ஆளில்லாமல் கிடப்பது அதற்குப் பழக்கம். எனக்கும் அதுவே பழகிப்போயிருந்தது.

கூடப் பிறந்தவள் என்று ஒரு தங்கை உண்டு. பதினைந்து மைல் தூரத்தில்தான் இருந்தாள். அம்மா இறந்த வருஷம், அம்மாவின் வீட்டில் தனக்கும் பங்கு வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டாள். "கட்டிக் கொடுத்தாச்சு, செய்யறதெல்லாம் செஞ்சாச்சு, இன்னும் என்ன பங்கு?" என்றேன் நான். நாலு பேர் நடுவில் சொன்னேன். அதோடு பேச்சு நின்றது. என் மனைவி இறந்தபோது வந்தாள், ஒரு மூலையில் உட்கார்ந்து அழுதாள், என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் போய்விட்டாள். அந்த மூன்று கட்டு வீட்டில் நான் ஒருத்தன் ஒரு அறையைத் திறந்து வைத்துக்கொண்டு மற்றதையெல்லாம் பூட்டி வைத்திருந்தேன். அந்தப் பூட்டுகளைப் பார்க்கப் பிடிக்காமல்தான் ஊர் ஊராகப் போனேன் என்று இப்போது தோன்றுகிறது.

அந்த வருஷம் கொஞ்சம் துணிந்து கடல் தாண்டினேன். தனுஷ்கோடியில் கப்பல் ஏறி, தலைமன்னாரில் இறங்கி, ரயில் மாறி மாறி மட்டக்களப்பு போய்ச் சேர்ந்தேன். ரயிலில் யாரோ சொல்லியிருந்தார்கள், அங்கே ஒரு வாவி இருக்கிறது, அதன் ஓரத்தில் போர்த்துக்கீசர் கட்டி ஒல்லாந்தர் பிடித்த சின்னக் கோட்டை ஒன்று தண்ணீரில் கால் வைத்தபடி நிற்கிறது என்று. எனக்கு அது போதும்.

வீட்டை விட்டுக் கிளம்பி ஐந்து நாள் ஆகியிருந்தது. அந்த ஐந்து நாளில் நான் பேசியதெல்லாம் "ஒரு டிக்கெட்", "சாப்பாடு", "தண்ணி" இவ்வளவுதான். தமிழ் பேசுகிற ஊர்தான். ஆனாலும் நான் ஒன்று சொன்னால் இன்னொரு முறை சொல்லச் சொன்னார்கள், அவர்கள் சொன்னதை நானும் இரண்டு முறை கேட்டேன். வேற்று மொழி ஊரில் வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாம். நம் பாஷை நாலாபுறமும் காதில் விழுந்துகொண்டே இருந்து, அதில் ஒரு சொல்கூட நமக்காக இல்லை என்றால் அது கஷ்டம். தங்கியிருந்த சாப்பாட்டுக் கடையில் முதல் நாள் ராத்திரி தூக்கமே வரவில்லை.

மறுநாள் காலையில் பலகையும் காகிதமும் பேனாவும் மைக்கூடும் ஒரு பையில் எடுத்துக்கொண்டு கோட்டைக்குப் போனேன். திருமயம், செஞ்சி மாதிரி மலை மேல் ஏறும் கோட்டைகளைப் பார்த்த கண்ணுக்கு அது முதலில் ஒரு பெரிய மதில் சுவராகத்தான் தெரிந்தது. இரண்டு பக்கம் வாவி, இரண்டு பக்கம் அகழி. மூலைக்கு ஒன்றாக நாலு கொத்தளம் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாசலுக்கு மேலே ஒல்லாந்தர் கும்பினியின் முத்திரையைக் கல்லில் செதுக்கி வைத்திருந்தார்கள். எல்லாம் சரிதான், ஆனால் உள்ளே ஒரே ஜனக் கூட்டம். அரசாங்கக் கச்சேரியே கோட்டைக்குள்தான் நடக்கிறதாம். குடையும் கையுமாகக் குடியானவர்கள், காகிதக் கட்டைத் தூக்கிக்கொண்டு பியூன்கள், தாழ்வாரம் முழுக்க உட்கார்ந்திருக்கும் பெண்கள். எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. இவ்வளவு தூரம் வந்தது தாலுகா ஆபீஸ் பார்க்கவா என்று எரிச்சலாக வந்தது.

சரி, வெளியிலிருந்தே வரையலாம் என்று திரும்பி வந்தேன். வாசலுக்கு எதிரே ஒரு மரம். அதன் அடியில் யாரோ போட்டுவைத்த மாதிரி ஒரு முக்காலி. நல்ல நிழல். அங்கிருந்து பார்த்தால் வாசலும் இரண்டு கொத்தளமும் தெரிந்தன. உட்கார்ந்தேன். பலகையை மடியில் வைத்துக் காகிதத்தைப் பரப்பி, மைக்கூட்டைத் திறந்து பக்கத்தில் வைத்தேன்.

அது மனு எழுதுகிறவருடைய இடம் என்று எனக்குத் தெரியாது. அவருக்கு அன்று காய்ச்சலாம், வரவில்லை. இதெல்லாம் பிறகு தெரிந்தது.

ஒரு கொத்தளத்தை வரைந்து முடித்து இரண்டாவதில் கை வைத்தேன். காகிதத்தின் மேல் நிழல் விழுந்தது. நிமிர்ந்தால் ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். சேலை ஓரம் முழங்கால் வரை நனைந்திருந்தது. இடுப்பில் ஒரு துணிப்பை. வேகமாக நடந்து வந்தவள் போல மூச்சு வாங்கியது.

"எழுதுங்க ஐயா. சுறுக்கா எழுதுங்க. இண்டைக்குத்தான் கடைசி நாளாம்" என்று சொல்லிக்கொண்டே என் எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

நான் மனு எழுதுகிறவன் இல்லை என்று சொல்லியிருக்கவேண்டும். வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. ஏன் என்று கேட்டால் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஐந்து நாளில் முதல் தடவையாக ஒருத்தி என் முகத்தைப் பார்த்து, என்னை நம்பி, தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். "நான் இல்லை" என்று சொன்னால் எழுந்து போய்விடுவாளே என்றிருந்தது. வரைந்துகொண்டிருந்த தாளை அடியில் தள்ளிவிட்டுப் புதுத் தாள் ஒன்றை மேலே வைத்தேன்.

அவள் வாவிக்கு அக்கரையில், கொக்கட்டிச்சோலைப் பக்கத்திலிருந்து விடியற்காலையில் தோணி ஏறி வந்தவள். அக்கரையைப் படுவான்கரை என்கிறார்கள், சூரியன் விழுகிற கரை. அங்கே ஒரு வட்டையில் அவளுக்கு ஒரு வயல் இருந்தது. வட்டை என்றால் பல பேருடைய வயல்கள் சேர்ந்த ஒரு பரப்பு. அந்த வட்டைக்குப் புதிதாக வாய்க்கால் வெட்டித் தண்ணீர் விடப்போகிறார்கள். யார் யாருக்கு எந்த வயல் என்று அன்று பகல் பன்னிரண்டு மணிக்குள் எழுத்தில் கொடுக்கவேண்டும். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் புத்தகத்தில் பெயர் ஏறும். கொடுக்காத வயலுக்குத் தண்ணீர் முறை கிடையாது. பெயர் ஒருமுறை ஏறிவிட்டால் அப்புறம் மாற்றுவது லேசில்லை.

"வயல் என்ட வயல்தான் ஐயா. எங்கட அம்மா தந்தது" என்றாள்.

புருஷன் பெயர் என்ன என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கியது.

"அவர்ட பேரு எதுக்கு?"

"மனுவுக்கு வேணும் அம்மா."

மனசில்லாமல் சொன்னாள். அவனை நாலு வருஷமாக இந்தப் பக்கம் காணவில்லையாம். வாழைச்சேனையில் வேறு ஒருத்தியோடு குடும்பம் நடத்துவதாகக் கேள்வியாம். அதை எழுதவேண்டாம் என்றும் சொன்னாள்.

இங்கேதான் என் வாத்தியார் புத்தி வேலை செய்தது. எங்கள் ஊரிலும் பெண்கள் "எங்க வயல்" என்று சொல்வார்கள். பட்டாவைப் பார்த்தால் புருஷன் பெயரிலோ மாமனார் பெயரிலோ இருக்கும். இவளும் அப்படித்தான் பேச்சுவாக்கில் சொல்கிறாள், இதை இப்படியே எழுதிக் கொடுத்தால் ஆபீஸில் சிரிப்பார்கள், மனுவைத் தூக்கி எறிந்துவிடுவார்கள் என்று நினைத்தேன். பாவம், படிக்காதவள், நாம் ஒழுங்காக எழுதிக் கொடுப்போம் என்று இரக்கம் வேறு. நல்ல தமிழில், அழகான கையெழுத்தில் எழுதினேன்: மேற்படி வயல் என் கணவர் இன்னாருக்குப் பாத்தியப்பட்டது, அவர் தற்சமயம் வெளியூரில் இருப்பதால் அவர் சார்பில் அவர் மனைவியாகிய நான் இந்த மனுவைச் சமர்ப்பிக்கிறேன். அவன் ஓடிப்போனதையும் எழுதாமல் அவள் மானத்தையும் காப்பாற்றிவிட்டதாக எனக்குப் பெருமை.

"ஒருக்கா வாசிச்சுக் காட்டுங்க ஐயா" என்றாள்.

கோட்டை வாசலில் பியூன் ஒருவன் நின்று, காகிதம் கொடுக்கிறவர்களெல்லாம் உள்ளே வரலாம் என்று கூப்பிட்டான். நாலைந்து பேர் எழுந்து ஓடினார்கள்.

"நீங்க சொன்னபடியேதான் இருக்கு. போங்க, நேரமாகுது" என்றேன்.

என் சித்திர மையை அவள் பெருவிரலில் தடவி, தாளின் அடியில் ஒற்றவைத்தேன். அது நாலு நாளைக்குப் போகாத மை. கூலி கொடுக்க மடியை அவிழ்த்தாள், வேண்டாம் என்றேன். அவள் என்னைக் கும்பிட்டுவிட்டு உள்ளே போனாள். எனக்கு மனசு குளிர்ந்துபோனது. மறுபடி என் கோட்டையை எடுத்து வரைய ஆரம்பித்தேன். கை நன்றாக ஓடியது.

கொஞ்ச நேரத்தில் ஒரு முஸ்லிம் வியாபாரி மர நிழலுக்கு வந்தார். ஐம்பது வயதுக்காரர். காத்தான்குடியில் தறியில் நெய்த சாரங்களை, நம் ஊர்க் கைலி மாதிரி, மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். கச்சேரியில் அவருக்கும் ஏதோ காரியம். மூட்டையை இறக்கி அதன் மேலேயே உட்கார்ந்தார். நான் எழுதிக் கொடுத்ததைத் தூரத்திலிருந்தே பார்த்திருக்கிறார்.

"தம்பி புதுசா? வழக்கமா இரிக்கிறவரக் காணல்லயே."

இந்தியாவிலிருந்து கோட்டை பார்க்க வந்தவன் என்றேன். அவர் சிரித்துவிட்டார். இந்தக் கோட்டையில பாக்க என்ன இரிக்கி, நாங்க வருசம் முழுக்க இதுக்குள்ளதான் கால்கடுக்க நிக்கிறம் என்றார். எங்கே தங்கியிருக்கிறேன், வீட்டில் யார் என்று விசாரித்தார். நானும் மரியாதைக்கு, காத்தான்குடியில் சொந்த வீடா என்று கேட்டேன்.

"எனக்கேது வீடு? பொஞ்சாதிட வீட்டிலதான் இரிக்கன்."

அவர் அதைச் சொன்ன விதத்தில் கூச்சம் எதுவும் இல்லை. எங்கள் ஊரில் வீட்டோடு மாப்பிள்ளை என்றால் ஒரு மாதிரி பார்ப்பார்கள். என் முகத்தைப் பார்த்து அவருக்கே புரிந்திருக்கவேண்டும்.

"இங்க அப்பிடித்தான் தம்பி. வீடு வளவு பொம்புளப் புள்ளையளுக்கு. கலியாணம் முடிச்சா மாப்பிள்ள அங்க போறது. எங்கட ஆக்கள் மட்டுமில்ல, படுவான்கரைத் தமிழாக்களும் அப்பிடித்தான். வயல் கூட தாய்க்கிட்ட இருந்து மகளுக்குப் போகும். இப்ப எழுதிக்கிட்டுப் போனாவே, அவடயும் சீதன வயலாத்தான் இரிக்கும்."

என் கையில் பேனா அப்படியே நின்றது. என்ட வயல், எங்கட அம்மா தந்தது என்று அவள் சொன்னது அப்போதுதான் என் காதில் சரியாக விழுந்தது. நான் செய்ததை அவரிடம் சொன்னேன். அவர் முகம் மாறிவிட்டது.

"என்ன வேல பாத்தீங்க தம்பி. நாளைக்கு அவன் வந்து வயல் என்ட எண்டு நிண்டா அவ எங்க போவா? கச்சேரிப் புத்தகத்தில அவன்ட பேருதானே இரிக்கும். ஓடுங்க, உள்ள ஓடுங்க. சாமான நான் பாத்துக்கிறன்."

மைக்கூட்டையும் பலகையையும் எடுத்துக்கொண்டுதான் ஓடினேன். பை மட்டும் அவரிடம் கிடந்தது. வாசலில் பியூன் தடுத்தான். மனு கொடுக்க வந்தவர்களைத் தவிர மற்றவர் இப்போது உள்ளே வரக்கூடாது என்றான். "மனு எழுதினவன் நான், அதில் தப்பு இருக்கிறது" என்று கத்தினேன். என் குரலே எனக்கு அன்னியமாகக் கேட்டது. அவன் விட்டுவிட்டான்.

அவள் தாழ்வாரத்தில் ஒரு தூணோரம் நிம்மதியாக உட்கார்ந்திருந்தாள். பெருவிரலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். காகிதம் உள்ளே போய்விட்டதாம். என்னைக் கண்டதும் எழுந்தாள். ஏதாவது மறந்துவிட்டேனா என்று கேட்டாள்.

நான் சொன்னேன். சுற்றி வளைக்காமல் ஒரே மூச்சில் சொல்லிவிட்டேன். அவளுக்கு முதலில் விளங்கவில்லை.

"அவர்ட பேரிலயா? வயலயா?"

ஆமாம் என்றேன்.

"நான் அப்பிடிச் சொன்னனா உங்களுக்கு?" அவள் குரல் ஏறியது. தாழ்வாரத்தில் இருந்தவர்களெல்லாம் திரும்பினார்கள். "ஆரு நீங்க? இந்த இடத்தில ஒருநாளும் காணாத ஆள். அவர்தான் உங்கள அனுப்பினதா? வாழைச்சேனையில இருந்தா வாறீங்க?"

அப்படி ஒரு சந்தேகம் வரும் என்று நான் நினைக்கவே இல்லை. ஆனால் அவள் இடத்தில் இருந்தால் யாருக்கும் வரும். என்னை யார் என்று சொல்ல அந்த ஊரில் ஒரு ஆள் கிடையாது. பலகையிலிருந்த தாளைத் தூக்கிக் காட்டினேன். ஒன்றரைக் கொத்தளமும் பாதி வாசலும். அவள் அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"படம் கீறுற ஆளா நீங்க? மறுகா ஏன் மனு எழுதினீங்க?"

பொய் சொல்லத் தோன்றவில்லை.

"அஞ்சு நாளா யாரும் என்கிட்ட பேசலை அம்மா. நீங்க வந்து பேசினீங்க. இல்லைன்னு சொல்ல மனசு வரலை."

நாற்பத்திரண்டு வயது ஆண்பிள்ளை, கண்டவர் முன்னால் இதைச் சொல்லிவிட்டு நின்றேன். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. தலையிலிருந்து கால் வரை ஒருதரம் பார்த்தாள். பிறகு, "வாங்க, கிளாக்கரிட்டப் போவம். மணி என்ன?" என்றாள்.

சுவர்க் கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு இருபத்தைந்து நிமிஷம் இருந்தது.

கிளாக்கர் கண்ணாடி போட்ட இளைஞர். ஒருமுறை வாங்கிய காகிதத்தைத் திருப்பிக் கொடுக்கமுடியாது என்றார். நான் கெஞ்சினேன். அவள் கெஞ்சவில்லை, மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நகரவே இல்லை. பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். கடைசியில் அவர் ஒரு வழி சொன்னார். பன்னிரண்டு மணிக்கு மனுக் கட்டு மேலதிகாரியிடம் போய்விடும். அதற்குள் அவள் பெயரில் வேறு மனு வரவேண்டும். முதல் மனுவில் தப்பாக எழுதியது நான்தான், அவள் அப்படிச் சொல்லவில்லை என்று நான் என் பெயர், ஊர், உத்தியோகம் எல்லாம் போட்டுத் தனியாக எழுதிக் கையெழுத்து வைக்கவேண்டும். இரண்டையும் முதல் மனுவின் மேலே குத்திவிடுவார்.

தாழ்வாரத்துத் தரையில் உட்கார்ந்தேன். அவளும் எதிரே உட்கார்ந்தாள். இந்த முறை நான் ஒரு சொல்லையும் என் இஷ்டத்துக்கு எழுதவில்லை. அவள் சொல்லச் சொல்ல எழுதி, ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள்.

"இந்த வயல் எனக்கு என்ட அம்மா தந்தது. எழுதினீங்களா? அம்மாக்கு அவட அம்மா தந்தது. அதையும் போடுங்க. எனக்குப் பிறகு என்ட மகளுக்கு. போட்டீங்களா? வாசிங்க."

வாசித்தேன். சுற்றி நின்ற கூட்டம் முழுக்கக் கேட்டது. "இந்த வயல்" என்று எழுதவேண்டிய ஓர் இடத்தில் மட்டும் பழக்கத்தில் "மேற்படி வயல்" என்று எழுதிவிட்டேன். நிறுத்தி, அது என்ன என்று கேட்டாள். விளக்கினேன். சரி, இரிக்கட்டும் என்றாள். பிறகு இன்னொரு தாளில் என் சீட்டை எழுதினேன்: மனுதாரர் சொல்லாததை, இவ்வூர் வழக்கம் அறியாமல், என் சொந்த எண்ணத்தால் எழுதினேன். கீழே முழுப் பெயரும் போட்டு, பள்ளிக்கூட மாஸ்டர் என்றும் எழுதினேன். எத்தனையோ பையன்களின் நோட்டில் சிவப்பு மையால் "தப்பு" என்று எழுதிய கை, அன்று எனக்கே எழுதிக்கொண்டது.

அவள் மறுபடி பெருவிரலை நீட்டினாள். பழைய மை அப்படியே இருந்தது. அதன் மேலேயே புது மையைத் தடவினேன். கிளாக்கர் முதல் மனுவின் குறுக்கே ஒரு கோடு போட்டு, புதிய இரண்டையும் மேலே வைத்துக் குண்டூசி குத்தி, முத்திரை வைத்தார். கடிகாரம் அடிக்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது. கட்டு உள்ளே போவதை நாங்கள் இரண்டு பேரும் நின்று பார்த்தோம்.

வெளியே வந்தால் வியாபாரி என் பையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். சரியாகிவிட்டது என்று தலையாட்டினேன். அல்லாஹ் காப்பாத்தினான் என்று சொல்லிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார். எனக்கு இனி அங்கே வேலை இல்லை. அவளிடம் விடைபெறவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. மெதுவாக மதில் ஓரமாக வாவிப் பக்கம் நடந்தேன்.

"அண்ணே, எங்க போறீங்க? சாப்பிட்டுட்டுப் போங்க" என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

காலையில் ஐயா என்றவள் இப்போது அண்ணே என்றாள். மதில் நிழலில், தண்ணீர் தெரியும் இடமாகப் பார்த்து உட்கார்ந்து, பையிலிருந்த வாழையிலைப் பொட்டலத்தைப் பிரித்தாள். சிவப்பரிசிச் சோறு, கத்தரிக்காய்க் கறி, ஒரு கருவாட்டுத் துண்டு. ஒருத்திக்குக் கட்டின சோறு. இலையை இரண்டாகக் கிழித்து எனக்குப் பாதி வைத்தாள். கருவாட்டையும் பிய்த்து வைத்தாள். ஒருத்தி கையால் வைத்துச் சாப்பிட்டு எத்தனை நாள் ஆயிற்று என்று கணக்குப் பார்க்கப் பயந்து, குனிந்தபடி சாப்பிட்டேன். அவள் பார்த்தும் பார்க்காத மாதிரி வாவியைப் பார்த்தாள்.

வீட்டில் யார் யார் என்று கேட்டாள். மனைவி இல்லை, பிள்ளை இல்லை, தங்கை ஒருத்தி உண்டு என்றேன்.

"அம்மா?"

"இறந்து ஆறு வருஷம் ஆச்சு."

"அப்ப அம்மாட வீட்டில இப்ப ஆரு இரிக்கிற?"

"நான்தான்."

"தங்கச்சி?"

"அவ வேற ஊர்ல. வாடகை வீட்டுல."

அவள் ஒரு கவளத்தை உருட்டிக்கொண்டே கொஞ்சம் யோசித்தாள். பிறகு சாதாரணமாக, இன்று வெள்ளிக்கிழமை என்று சொல்வது போலச் சொன்னாள்.

"அப்ப நீங்க தங்கச்சிட வீட்டில இரிக்கிறீங்க. பொஞ்சாதி இல்லாத அண்ணன் எண்டு வீட்ட உங்களுக்கு விட்டுப்போட்டு, அவ வாடகைக்குப் போயிருக்கா. நல்ல மனம்தான் அவக்கு."

அவள் குத்திக்காட்டவில்லை. அவளுக்குத் தெரிந்த உலகத்தில் அந்தக் கதைக்கு வேறு அர்த்தமே இல்லை. அம்மாவின் வீடு மகளுக்கு. அதில் அண்ணன் தனியாக இருக்கிறான் என்றால் தங்கை இருக்க விட்டிருக்கிறாள். என் அம்மாவுக்கும் அந்த வீடு அவள் அம்மா வழியில் வந்ததுதான், அதை நான் ஒரு நாளும் நினைத்துப் பார்த்ததில்லை. அப்படி இல்லை அம்மா, எங்கள் வழக்கம் வேறு, அவள் கேட்டாள், நான் இல்லையென்று விரட்டினேன் என்று சொல்லியிருக்கலாம். காலையில் அவள் சொன்னதைத் திருத்தியவன், இப்போது திருத்தவில்லை. ஓம் என்றேன். ஆமாம் என்பதற்கு அவர்கள் சொல்கிற மாதிரியே ஓம் என்றுதான் வாயில் வந்தது.

துறையில் தோணிக்காரன் கூப்பிட்டான். அவள் இலையைச் சுருட்டி எறிந்து, வாவியில் கையைக் கழுவினாள். விரலில் மை போகவில்லை. "இது போகாதா?" என்று கேட்டாள். நாலு நாள் ஆகும் என்றேன். "இரிக்கட்டும், ஆரும் கேட்டா காட்டலாம்" என்று முதல் தடவையாகச் சிரித்தாள். பிறகு தோணியில் ஏறிப் பத்துப் பேரோடு உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்த்துக் கை காட்டவெல்லாம் இல்லை. அவளுக்கு வயல் வேலை கிடந்தது. தோணி அக்கரைப் பக்கமாகச் சின்னதாகிக்கொண்டே போனது. நான் அங்கேயே நின்றேன். அதற்கு முன்னும் பின்னும் எத்தனையோ இடத்தில் தனியாக நின்றிருக்கிறேன். அன்று பகலில் அந்த வாவிக் கரையில் இருந்த தனிமை மாதிரி வேறு எங்கும் இருந்ததில்லை. அது யாரும் எனக்குச் செய்ததில்லை, நானே என் கையால் கட்டிக்கொண்டது என்று அன்றுதான் தெரிந்தது.

மீதி இரண்டு கொத்தளத்தை நான் பார்க்கவே இல்லை. மறுநாள் ரயில் ஏறிவிட்டேன்.

ஊருக்கு வந்து தங்கைக்கு ஒரு கடிதம் போட்டேன். பதில் இல்லை. நேரில் போனேன். கதவைத் திறந்தவள் என்னைப் பார்த்ததும் உள்ளே போய் ஒரு செம்புத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். தண்ணீரைக் குடித்துவிட்டு, வீட்டுச் சாவிக் கொத்தை அந்தச் செம்புக்குப் பக்கத்தில் வைத்தேன். "உன் வீட்டுல இத்தனை நாள் இருந்துட்டேன்" என்றேன். அவள் அழுதாள். சாவியை எடுக்க அவளுக்கு இன்னும் எட்டு மாசம் பிடித்தது. பத்திரம் அவள் பெயருக்கு மாற்றின பிறகு, தை மாசம், குழந்தைகளோடு வந்தாள். பூட்டின அறைகளையெல்லாம் திறந்து வெள்ளையடித்தாள். எல்லாம் பழையபடி ஆகிவிட்டது என்று சொல்லமாட்டேன். நாலு பேர் நடுவில் நான் சொன்ன அந்த வார்த்தை எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் இன்னும் கொஞ்சம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சாப்பாட்டு நேரத்தில் என் இலைக்கு எதிரே ஆள் இருக்கிறது.

வாசல் அறையில்தான் இருக்கிறேன். சுவரில் பாதி வரைந்த கோட்டை ஒன்று தொங்குகிறது. ஏன் முடிக்கவில்லை என்று தங்கையின் பேரப்பிள்ளைகள் கேட்கிறார்கள். அந்த வட்டைக்குத் தண்ணீர் வந்ததா, புத்தகத்தில் அவள் பெயர் ஏறியதா, அவன் திரும்பி வந்தானா, எதுவும் எனக்குத் தெரியாது. யாராவது புதிதாக வந்து "சொந்த வீடா?" என்று கேட்டால், "தங்கச்சி வீடு, இருக்க விட்டிருக்கிறாள்" என்று சொல்கிறேன், அப்படிச் சொல்லும் ஒவ்வொரு தடவையும், மை போகாத பெருவிரலோடு தோணியில் உட்கார்ந்து போன அந்தப் பெண்ணுக்கு நான் மூன்றாவதாக ஒரு மனு எழுதிக் கொடுப்பதாகவே எனக்குத் தோன்றும்.